கரையில் ஏன் அலை?

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் ஓர் அம்மா தையற்கடை வைத்திருக்கிறார். ரவிக்கை தைத்து மிஞ்சும் வெட்டுத்துணிகளை அவர் எறிவதில்லை. சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, பெரிய விரிப்பாக்கி விடுவார். அதன் கீழே மெல்லிய பஞ்சு விரிப்பு. அதற்கும் கீழே ஒரு பருத்தித் துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் மெத்தென்ற போர்வை கிடைக்கும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘குவில்ட்’ என்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு கல்யாணச் சீருக்காக இப்படி ஒரு போர்வை தைக்கும் வேலை அவருக்கு வந்தது. மூன்று வாரம் இரவில் கண்விழித்து மேல் விரிப்பை முடித்திருந்தார். சுற்றிலும் நான்கு அங்குல அகலத்தில் கரை வைக்கும் வேலையை மட்டும் பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகளிடம் விட்டார். கரை வைத்து முடித்துத் தரையில் விரித்தால், நடுப்பகுதி அமைதியாகப் படிந்து கிடக்கிறது. கரையோ மேலும் கீழுமாக அலையடிக்கிறது!

“இவளுக்குக் கை நேரா நிக்கல சார். எல்லாம் பாழாப் போச்சு” என்றார் தாய். “நான் நேராத்தான் சார் தைச்சேன், நீங்களே பாருங்க” என்றாள் மகள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. நான் குனிந்து பார்த்தேன். தையல் நூல் பிடித்தாற்போல் நேராகவே ஓடியிருந்தது. அப்படியானால் பிழை எங்கே?

முக்கால் அங்குலத்தின் வேலை

அளவு நாடாவை எடுத்தோம். விரிப்பின் நடுவில் நீளவாக்கில் அளந்தபோது 80 அங்குலம். கரையின் மேல் வைத்து, மேடு பள்ளங்களோடு சேர்த்து அளந்தபோது 80¾ அங்குலம்.

“எண்பது இஞ்சுக்கு முக்கா இஞ்சுதானே சார் கூட இருக்கு? நூத்துக்கு ஒண்ணுகூட இல்லையே. அதுக்கா இவ்வளவு அலை?” என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. இதற்கு விடை உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தரையில் 80 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே 80¾ அங்குலப் பட்டை ஒன்றைக் கட்டி, அதன் நடுவைக் கூடாரம்போல் மேலே தூக்குகிறோம். எவ்வளவு உயரம் தூக்கலாம்? பாதிக் கூடாரம் ஒரு செங்கோண முக்கோணம். அடிப்பக்கம் 40 அங்குலம். கர்ணம் 40⅜, அதாவது 40.375 அங்குலம். பித்தகோரஸ் தேற்றப்படி உயரத்தின் வர்க்கம் 40.375² – 40² = 1630.14 – 1600 = 30.14. எனவே உயரம் ஏறக்குறைய 5½ அங்குலம், அதாவது 14 செ.மீ.!

முக்கால் அங்குல மிகுதி ஐந்தரை அங்குலமாக எழும்புகிறது. வெயிலில் நீளும் தண்டவாளம் சற்றே நீண்டாலும் பெரிதாக வளைந்துவிடுவதற்கு இதே கணக்குத்தான் காரணம். கரையில் ஒரே மேடாக எழாமல் எட்டு மேடுகளாகப் பிரிந்தால், ஒவ்வொன்றும் இதில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 0.7 அங்குலம் எழும்பும். கண்ணுக்கு நன்றாகத் தெரிய இது போதாதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். உயரம், மிகுதியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மிகுதியை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அலையின் உயரம் பாதிதான் குறையும். ஆகவே இங்கே ஏறத்தாழ என்ற பேச்சே கூடாது. நீளம் சரியாகவே இருக்க வேண்டும்.

மிகுதி ஏன் அடங்கிப் போகவில்லை?

மிஞ்சிய துணி தன்னைத் தானே நெருக்கிக்கொண்டு தட்டையாகப் படியக் கூடாதா? ஒரு தாளை மேசைமேல் வைத்து, எதிரெதிர் விளிம்புகளைப் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். தாள் குறுகுவதில்லை, உடனே மேலே வளைகிறது. மெல்லிய தகட்டை வளைப்பது எளிது. அதன் பரப்பிலேயே நெருக்குவது கடினம். தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் நெருக்குவதற்கான எதிர்ப்பு பாதியாகிறது. வளைப்பதற்கான எதிர்ப்போ எட்டில் ஒன்றாகி விடுகிறது. அதனால் மெல்லிய பொருள் எதுவாயினும், இடம் போதாவிட்டால் வளைந்தே தப்பிக்கும். துணியும் அப்படியே.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். 7 செ.மீ. ஆரமுள்ள மூன்று தாள் வட்டங்களை வெட்டுங்கள். ஒவ்வொன்றின் சுற்றளவும் 44 செ.மீ. முதல் வட்டத்தை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் எட்டில் ஒரு பங்குத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு விளிம்புகளை ஒட்டுங்கள். விளிம்பு குறைந்தது, வட்டம் கூம்பாகிக் குவிந்தது. மூன்றாவதை மையம்வரை ஒரு கோடாக வெட்டித் திறந்து, நீக்கிய அந்தத் துண்டை அங்கே சேர்த்து ஒட்டுங்கள். விளிம்பு மிகுந்தது; வட்டம் குதிரைச் சேணம்போல் மேலும் கீழும் வளைந்தது.

இதுதான் விதி. விளிம்பு சரியாக இருந்தால் தட்டை, குறைந்தால் கிண்ணம், மிகுந்தால் அலை.

பள்ளி வளாகத்தில் நெட்டிலிங்க மரம் இருந்தால் ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். நடு நரம்பைவிட ஓரம் நீளமாக வளர்ந்திருப்பதால் இலை விளிம்பு நெளிந்திருக்கும். அப்படியானால் வாழையிலையைப்போல் தட்டையான இலைகளே வியப்புக்குரியவை! எல்லா இடமும் அளவாக வளர்ந்தால்தானே தட்டையாக இருக்க முடியும்? ஆன்ட்டிரைனம் என்ற பூச்செடியில் இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இந்திய அறிவியலாளர் உத்பல் நாத். 2003-இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதானால் இலையின் ஓரம் உரிய நேரத்தில் வளர்ச்சியை நிறுத்துவதில்லை. ஓரம் மிகுகிறது, தட்டையாக இருக்க வேண்டிய இலை நெளிந்துபோகிறது. போர்வையின் கரைக்கும் செடியின் இலைக்கும் வடிவக்கணிதம் ஒன்றே.

அந்த முக்கால் அங்குலம் எங்கிருந்து வந்தது?

அந்த மாணவி செய்தது இதுதான். நீண்ட பட்டையை ஒரு மூலையில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மறு மூலையில் மிஞ்சியதை வெட்டி விட்டாள். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் மூன்று பொறிகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, பாவும் ஊடையும். நெய்த துணியைப் பாவு நூல் ஓடும் திசையில் இழுத்தால் மிகக் குறைவாகவே நீளும். மூலைவாட்டத்தில் இழுத்தாலோ, நூல்களுக்கிடையே உள்ள சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகிவிடும். துணி எளிதில் நீண்டுவிடும். தையற்காரர்கள் ‘கிராஸ் துணி’ என்பது இதைத்தான். விரிப்பின் ஓரத்தில் இத்தகைய துண்டுகள் இருந்தால், கைபட்டே ஓரம் நீளும்.

இரண்டாவது, எந்திரம். ஊசிக்குக் கீழேயுள்ள பற்கள் அடித்துணியை முன்னே தள்ளுகின்றன. மேலேயுள்ள பாதம் மேல்துணியை அழுத்தித் தடுக்கிறது. ஆகவே அடித்துணி சற்று அதிகமாகவே உள்ளே போகும். பட்டையை அடியில் வைத்துத் தைத்ததால், அதில் கூடுதல் நீளம் ஏறிவிட்டது.

மூன்றாவது, அளந்த இடம். அவள் பட்டையை நீண்டுபோன ஓரத்துக்குப் பொருத்தினாள். ஓரம் சொல்லும் அளவு பொய். நடு சொல்லும் அளவே மெய்.

திருத்தும் வழி

நல்லவேளையாக இன்னும் பஞ்சு வைத்துத் தைக்கவில்லை. கரையைப் பிரித்தோம். விரிப்பைத் தட்டையாகப் பரப்பி, இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினோம். இழுத்தால் ஈரத்துணி மறுபடி நீளும். பிறகு நடுவில் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுத்தோம். அந்த நீளத்துக்கே, பாவு நூல் ஓடும் வாக்கில், பட்டைகளை வெட்டினோம். பட்டையையும் ஓரத்தையும் பாதி, கால், அரைக்கால் என்று மடித்துக் குறியிட்டு, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்தினோம். ஓரத்தின் மிகுதி எல்லா இடத்திலும் சமமாகப் பகிர்ந்துகொண்டது. இம்முறை சற்று நீண்ட ஓரத்தை அடியில் வைத்தாள். முன்பு பகையாக இருந்த பற்கள் இப்போது அந்த மிகுதியை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டன.

மேலைநாடுகளில் மூன்று அடுக்கையும் பெரிய சட்டத்தின் உருளைகளில் சுற்றி, நீண்ட கையுடைய எந்திரத்தை அதன்மேல் நகர்த்தித் தைக்கிறார்கள். அங்கே கரை மிகுந்திருந்தால் மிகுதி ஊசியின்கீழ் மடிப்பாக விழுந்து நிலைத்துவிடும். ஆகவே கரையைச் சட்டத்தில் ஏற்றுமுன் சரிபார்க்க வேண்டும். தையலின் நெருக்கமும் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் நெருக்கமாகத் தைத்தால் நடு சுருங்கும். கரையைத் தொடாமலே கரை மிகுந்துவிடும்!

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் பெண்கள் பழந்துணிகளைக்கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவது அவர்கள் வழக்கம். விளிம்பு முதலில் நிலைத்துவிடுகிறது. உள்ளே வரும் துண்டுகள் இருக்கும் இடத்துக்கேற்ப மடிந்து அமைகின்றன. கரையைக் கடைசியில் பொருத்தும் தொல்லையே அங்கில்லை.

மறுநாள் போர்வையைத் தரையில் விரித்தார்கள். கரை தரையோடு படிந்து கிடந்தது. “கையில கோணல் இல்ல, அளவுலதான் கோணல்” என்று தாய் மகளின் தலையைத் தடவினார். அந்த மாணவியோ பித்தகோரஸ் கணக்கைத் தன் நோட்டில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். முக்கால் அங்குலத்துக்குப் பதிலாகக் கால் அங்குலம் மிகுந்திருந்தால் கூடாரம் எவ்வளவு உயரும்? நீங்களும் போட்டுப் பாருங்கள்.