ஜெனீவாவால் என்ன செய்ய முடியும்?

குல்லூர்சந்தை அகதி முகாம் நம் மாவட்டத்திலேயே இருப்பதால், இலங்கைப் போர் நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. 'இலங்கை குறித்து ஜெனீவாவில் தீர்மானம்' என்று பத்திரிகையில் வரும்போதெல்லாம், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நம் மஹல்லாவில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

போர் முடிந்த நாடுகளை உலகம் ஒரே மாதிரி கண்காணிப்பதில்லை. போஸ்னியாவுக்கு நியமிக்கப்பட்ட சர்வதேசப் பிரதிநிதிக்கு 1997 முதல் சட்டம் போடவும், அதிகாரிகளைப் பதவிநீக்கவும் அதிகாரம் கிடைத்தது. இலங்கையில் அப்படி யாரும் இல்லை. ஐ.நா. மனித உரிமை ஆணையர் விசாரித்து எழுதலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது.

2014 முதல் 2018 வரை அந்தப் பதவியில் இருந்தவர் ஜோர்டான் தூதர் செய்யித் ராத் அல் ஹுசைன். போஸ்னியப் போர்க்காலத்தில் ஐ.நா. அமைதிப்படையில் அரசியல் அதிகாரியாக இருந்தவர். இலங்கை விசாரணைக் குழுவை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. ஆனாலும் 2015 செப்டம்பரில் அறிக்கை வந்தது. இரு தரப்புக் குற்றங்களையும் பதிவு செய்து, வெளிநாட்டு நீதிபதிகளும் இடம்பெறும் சிறப்பு நீதிமன்றத்தை அது கேட்டது. அக்டோபரில் இலங்கையும் சேர்ந்தே ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. 2020-இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. நீதிமன்றம் இன்றுவரை வரவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று தேதி. விசாரணைக்கு வகுத்த காலம் 2002 முதல் 2011 வரை. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000-க்கும் அதிகமான முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டுமே அந்தக் கால எல்லைக்கு வெளியே போயின. புத்தளத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு இதில் வருத்தம் இருந்தால் அது சரியே. ஆணையர் யாராக இருந்தாலும், எல்லையைத் தீர்மானிப்பவை உறுப்பு நாடுகளே.

அதற்காக ஜெனீவா வீண் என்றும் சொல்லிவிட முடியாது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் இலங்கை அரசு கட்டாயமாக எரித்தது. ஜெனீவாவில் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த 2021 பிப்ரவரியில், பாகிஸ்தான் பிரதமர் கொழும்பு வந்து சென்ற கையோடு, அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. மார்ச்சில் நிறைவேறிய தீர்மானம் இந்த எரிப்பையும் குறிப்பிட்டது. சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஆணையர் அலுவலகத்துக்குப் பொறுப்பும் கொடுத்தது. இந்தியா அதில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. எரிப்புக்காக இலங்கை அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.