ஆப்பிரிக்க ஏரிகளின் விதை மீன்

நம்ம ஊர் ஏரியில் வலை போட்டால் ஜிலேபிக் கெண்டை விழாத நாள் உண்டா? ஆனால் அது நம்ம மண்ணின் மீன் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளில் வாழ்ந்த அந்த மீன், 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நெருங்கிய பங்காளிதான் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கும் நைல் திலேப்பியா. இந்தக் குடும்பத்து மீன்களின் மரபணு ஏட்டை விஞ்ஞானிகள் படித்து வருகிறார்கள். எதற்கு என்று இன்று பார்ப்போம்.

ஒவ்வொரு உயிரின் செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நாலே எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதிய ஏடு மாதிரி. நைல் திலேப்பியாவுக்கு அது சுமார் 100 கோடி எழுத்து. அதைப் படிக்க மீனைக் கொல்ல வேண்டாம். துடுப்பின் ஓரத்தில் துளி நறுக்கி ஆல்கஹாலில் போட்டு வைத்தால் போதும். பிறகு இழையைச் சிறு துண்டுகளாக்கி இயந்திரத்தில் படிக்கிறார்கள். ஒரு துண்டின் கடைசியும் அடுத்த துண்டின் தொடக்கமும் ஒத்துப்போவதைப் பார்த்து, கிழிந்த பத்திரத்தை ஒட்டுவது போல, கம்ப்யூட்டர் பொருத்திவிடும். நைல் திலேப்பியாவும் கிழக்கு ஆப்பிரிக்காவின் உறவு மீன்கள் நாலும் சேர்த்து, ஐந்து மீன்களின் ஏடு 2014-இல் வெளியானது.

"இதனால் என்ன லாபம்?" என்று கேட்பீங்க. விக்டோரியா ஏரியின் கதையைக் கேளுங்க. அங்கே பூர்வீகத் திலேப்பியா ஒன்று கரையோர மக்களின் அன்றாடக் குழம்பு மீனாக இருந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததால் அது குறைந்தது. 1950-களில் நைல் திலேப்பியாவை ஏரியில் விட்டார்கள். நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனும் வந்து சேர்ந்தது. இன்று அந்தப் பூர்வீக மீன் பெரிய ஏரியில் ஏறக்குறைய இல்லை. பக்கத்துச் சிறு ஏரிகளில்தான் மிச்சம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து விட்ட நைல் திலேப்பியா, பூர்வீக இனங்களோடு கூடிக் கலப்புக் குஞ்சு பொரிக்கிறது. டான்சானியாவில் பல நீர்நிலைகளில் இது நடந்திருக்கிறது. விதைப் பண்ணையில் கலவனைக் கண்ணால் பார்த்துப் பிடுங்குகிறோம். மீனில் பல சமயம் கண் ஏமாந்துவிடும். ஏட்டைப் படித்தால் எது சுத்தம், எது கலப்பு, எந்தக் குளத்தைக் காக்க வேண்டும் என்று தெரியும்.

சுத்த மீன் ஏன் வேண்டும்? 1988-இல் பிலிப்பைன்ஸில் 'கிஃப்ட்' திலேப்பியாவை உருவாக்கத் தொடங்கியபோது எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டு மீன்களைத்தான் தேடிப் போனார்கள். கென்யாவின் மகாடி ஏரி சோடா உப்பு ஏரி. அங்கே 40 டிகிரி சூட்டிலும் வாழும் திலேப்பியா இருக்கிறது. களரையும் சூட்டையும் தாங்கும் குணம் எந்த எழுத்தில் இருக்கிறது என்று அதனிடம்தான் கற்க முடியும். அந்த மீன் அழிந்தால் எந்த இயந்திரமும் அதைத் திருப்பித் தராது. ஏடு கணக்குத்தான் சொல்லும், விதை ஆகாது.

எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டோம் இல்லையா? அதே நியாயம்தான். நீங்களும் திலேப்பியா வளர்ப்பதாக இருந்தால் மீன்வளத் துறையின் அனுமதி பெற்று வளருங்க. குட்டை நீரை வடிக்கும்போது மடையில் வலை கட்டுங்க. ஒரு குஞ்சுகூட ஆற்றுக்குப் போக வேண்டாம். நம்ம ஆற்று மீன்களும் விதை மீன்கள்தான்.