தோப்பு என்னும் சொல்

அடி அண்ணாமலையில் மலைவலம் வருவோர் பாதையோர மரநிழலில் இளைப்பாறுகின்றனர். கிதியோன் தோப்பை வெட்டிய பகுதியை அவ்வூரில் வாசிப்போமாயின், மரமே கர்த்தருக்கு அருவருப்பெனக் கேட்போர் கருதக்கூடுமன்றோ?

நம் பழைய திருப்புதலில் ஆபிரகாம் பெயெர்செபாவில் உண்டாக்கியதும் தோப்பு; கிதியோன் வெட்டியதும் தோப்பு. எபிரெயத்திலோ இவை இரு வேறு சொற்கள். முன்னது ‘ஏஷெல்’, வறண்ட நிலத்தில் வளரும் மெல்லிலை மரவகை (ஆதி. 21:33). பின்னது ‘அஷேரா’ (நியா. 6:25).

அஷேராவைப் பெரும்பாலும் சோலையெனப் பெயர்த்தவர் கிரேக்க செப்துவசிந்தாவினர். இலத்தீன் வேதமும், 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதமும் அவ்வழியே சென்றன, நம்மவரும் தொடர்ந்தனர். உபாகமம் 16:21இல் ‘நடுதல்’ என்னும் வினையே வருதலின், அவர்களை முற்றிலும் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும் இஸ்ரவேலர் அதனைப் பச்சை மரங்களின்கீழ் நிறுத்தினர் என்கிறது 2 இராஜாக்கள் 17:10. மரத்தின்கீழ்த் தோப்பை நாட்டுவது எங்ஙனம்? யோசியாவோ அதனை ஆலயத்தினின்று வெளியே கொணர்ந்து சுட்டெரித்தான் (23:6). ஆகவே அது நாட்டப்பட்ட மரக்கம்பம், அல்லது உருவம்.

1929இல் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் தொடங்கிய அகழாய்வு, உகரித்து மொழிக் களிமண் பலகைகளை அளித்தது. அவற்றில் ஏல் என்னும் தெய்வத்தின் துணைவி அதிராத். அப்பெயரே எபிரெயத்தில் அஷேரா. கிதியோன் வெட்டியது அத்தேவியின் சின்னம். நம் திருப்புதல் சிலவிடங்களில் ‘தோப்பு விக்கிரகம்’ எனச் சேர்த்துரைப்பது இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே போலும்.