வானைக் கழித்தால் பாறை

மண்ணும் ரப்பர்த் தோட்டமும் மழைக்காடும் மூடிய பாறையை ஆகாயத்திலிருந்து படிக்க முடியும். விமானத்தின் வாலில் நீளக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் காந்தமானியை வைத்து, இணைகோடுகளாகப் பறக்க வேண்டும்.

பாறையிலுள்ள மாக்னடைட் என்னும் இரும்புத் தாது, பூமியின் காந்தப்புலத்தில் தானும் ஒரு காந்தமாகிறது. ஆனால் மிக மெலிதான காந்தம். திருவனந்தபுரத்தில் பூமியின் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. இது காந்தப்புலத்தின் நுண்ணலகு. சீசியம் காந்தமானி அந்தப் புலத்தில் 0.01 நானோடெஸ்லா மாறினாலும் பிடித்துவிடும். நாற்பது லட்ச ரூபாய்க் கணக்கில் ஒரு ரூபாய் இடறினாலும் கண்டுபிடிக்கும் கணக்குப்பிள்ளை அது.

கருவிக்குள் இருப்பது கண்ணாடிக் குப்பியில் அடைத்த சீசியம் ஆவி. விளக்கொளி அதன் அணுக்களை ஒரே திசையில் நிறுத்துகிறது. காந்தப்புலம் அவற்றைத் தலையாட்டிச் சுழல வைக்கிறது: இங்கே வினாடிக்குச் சுமார் 1,40,000 முறை. புலம் ஒரு நானோடெஸ்லா கூடினால், இன்னும் மூன்றரை முறை. கருவி அதை எண்ணினால் போதும்.

விமான என்ஜினிலும் இரும்பு உண்டே? அதனால் விமானி முதலில் உயரே போய், விமானத்தை வேண்டுமென்றே இடம் வலமாகச் சாய்த்து, மூக்கை ஏற்றி இறக்குவார். ஒவ்வொரு அசைவிலும் அதன் சொந்தக் காந்தம் எவ்வளவு என்று கணினி கற்று, பிறகு கழித்துவிடும்.

திருவனந்தபுரத்தில் இன்னொரு கழித்தலும் உண்டு. காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்நகரின் அருகே ஓடுகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவ, நகரை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்ததும் அதனால்தான். அக்கோட்டின் மேல், சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி மின்தாரை என்னும் மின்னோட்டம் பாய்கிறது. நண்பகலில் அது தரையில் புலத்தை நூறு நானோடெஸ்லா அளவுக்குக்கூட உயர்த்தும். பாறையின் குரல் அதில் அமுங்கிவிடும். ஆகவே தரையில் இன்னொரு காந்தமானி வானத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். இந்நகரில் காந்த ஆய்வகம் 1841-லேயே வந்துவிட்டது. 1850-களில் விஞ்ஞானி ஜான் ஆலன் புரூன் அகத்தியமலை உச்சியருகேயும் காந்த ஊசிகளை வைத்து, நகரின் அளவுகளோடு ஒப்பிட்டார்.

எல்லாம் கழித்த பின் வரும் வரைபடத்தில் ஒரு வேடிக்கை. இங்கே காந்தப் பாறைக்கு நேர்மேலே புலம் குறைகிறது! வடக்கு நோக்கிக் காந்தமான பாறையின் கோடுகள் அதன் தலைக்கு மேல் தெற்கே வளைந்து, பூமியின் புலத்தை எதிர்க்கின்றன.

மாக்னடைட் 580 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மையை இழக்கிறது. ஆழம் கூடக்கூடப் பாறை சூடேறும். ஓர் ஆழத்துக்குக் கீழே காந்தமே இராது. அந்த அடிமட்டத்தை வரைபடத்திலிருந்து கணித்து, ஒரு துளைகூடப் போடாமல் பூமியின் உள்வெப்பத்தையும் மதிப்பிடுகிறார்கள்.