ஞாயிற்றுக்கிழமை யாருடைய கடல்?

கொற்கையில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், பாண்டியரின் முத்துத் துறையை வயலும் குளமுமாக்கிவிட்டது. துறை மட்டும் கொற்கையிலிருந்து காயலுக்கு, காயலிலிருந்து புன்னைக்காயலுக்கு, பிறகு தூத்துக்குடிக்கு என்று நகர்ந்துகொண்டே போனது. 'அன்றாட வேலையில் புனிதம்' என்று ஆசிரியர் குழு தலைப்பைக் கையில் கொடுத்ததும் எனக்கு அந்த வழிதான் ஞாபகம் வந்தது. உப்பளமும் பனங்காடும் கோபித்துக்கொள்ளட்டும். கடற்கரையில்தான் சரக்கு அதிகம்.

ஆறு கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். விடியும் முன் வள்ளம் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும்: யாரும் நின்று நிதானமாகச் செபிப்பதில்லை. ஒரு கை வள்ளத்தைப் பிடித்திருக்கும், இன்னொரு கை தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடும், அடுத்த நொடி கால் உள்ளே. அணியத்தில் அந்தோணியார் பெயரோ மாதா பெயரோ எழுதியிருக்கும். திரும்பி வந்ததும் கணக்கு. எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரியும். கோயிலுக்கென்று பாட்டில், அதாவது பிடிபட்டதில், ஒரு பகுதியை ஒதுக்குவது இந்தக் கரையின் பழைய வழக்கம். மீன் நாற்றத்தோடு, சில்லறைத் தகராறோடு நடக்கிற அந்தப் பங்கு பிரிப்பும் எனக்கு ஒரு வழிபாடாகவே படுகிறது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தக் கரையின் கிறிஸ்தவமே சாமியார் இல்லாத நாட்களில் வளர்ந்தது. 1542இல் வந்த சவேரியார் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார். ஓர் ஊரில் தங்க அவருக்கு ஏது நேரம்? ஆகவே ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்தார். மந்திரம் சொல்லிக்கொடுப்பது, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாணச் சேதி சேகரிப்பது எல்லாம் அந்தக் குடும்பஸ்தர் பொறுப்பு. சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். முத்துக்குளித்துறை வரியில் 4,000 பணம் போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத்தான் சவேரியார் கேட்டு வாங்கினார். மூச்சடக்கி முங்கியவன் எடுத்த முத்து, அரசியின் செருப்பைத் தாண்டி, அவன் பிள்ளைக்கே ஞானோபதேசமாகத் திரும்பியது.

முத்துக்குளிப்பில் இன்னொரு வேலையும் இருந்தது: சுறாவின் வாயைக் கட்டுவது. மார்க்கோ போலோ காலத்தில் அதற்கு ஆள் தனி. பிடித்ததில் இருபதில் ஒரு பங்கு கூலி. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அப்போதைய சுறாக்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர் என்று குறித்திருக்கிறார். மந்திரமா செபமா என்று முங்குகிறவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை. முத்துப்பாருக்குள் இறங்குகிறவனுக்கு வேண்டியது தைரியம். 1961இல் நடந்ததோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே முடிந்தது.

அன்றாட வேலையிலும் புனிதம் உண்டு என்பதை உரோமை ஏட்டில் எழுதியது வெகு பிந்தித்தான். மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாகப் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது 1955இல். புனிதம் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் உரியதல்ல, எல்லாருக்குமான அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1964இல். பக்கத்து வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், மனைவியோடு வாழ்ந்த அரசு ஊழியர். 2022இல் புனிதர் ஆனார். ஆனாலும் அவரைப் பீடத்தில் ஏற்றியது வேதசாட்சி மரணம்; செய்த உத்தியோகம் அல்ல.

இனி எனக்கு உறுத்துகிற விஷயம். வேலையைப் புனிதமாக்குவதைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்கிறோம். வேலையை நிறுத்துவதைப் பற்றிக் குறைவு. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது ஊர்க்கட்டு. மீறினால் ஊர்க்கமிட்டி அபராதம் போடும். பூசைக்காக என்று சொல்வார்கள், சரி. வலை ஆய, தண்ணி போட, மச்சான் வீட்டுக்குப் போக, சும்மா மணலில் படுத்துக் கிடக்க என்றும் அந்த நாள் இருந்தது. கடலுக்கும் ஒரு நாள் ஓய்வு.

அந்த நாள் இப்போது கரைகிறது. பக்தி குறைந்ததால் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். திருவிழாச் செலவைப் பார்த்தால் பக்தி ஏறித்தான் இருக்கிறது. காரணம் கடன். எஞ்சினுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கினால், மீனை அவரிடமே போட வேண்டும். விலையும் கழிவும் அவர் சொல்வதுதான். ஐஸ்பெட்டியோடு கடலிலேயே தங்கல் போகிற வள்ளத்துக்கு ஞாயிறு எது, செவ்வாய் எது? குமரிக்கரைத் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் வெளியே கிடக்கின்றன. பட்ட கடன் கிழமை பார்க்காது. எப்போது கடலுக்குப் போவது, எப்போது கரையில் இருப்பது என்று முடிவு செய்ய முடியாதவனிடம் 'உன் வேலையே செபம்' என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. உப்பளத்தில் வெயிலில் உப்பு வாருகிற அக்காமாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமே விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிறது, ஞாயிறு வேறு எதற்கு என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. வயிற்றுப்பாட்டுக் கேள்விதான், மறுக்கவில்லை.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற கத்தோலிக்க மீனவ ஊர். அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மீனவர்கள் சங்கம் சேர்ந்து, தங்கள் மீனைத் தாங்களே கரையில் ஏலம் விடத் தொடங்கினார்கள். பிறகு அந்த முறை குமரிக்கரை ஊர்களுக்கும் வந்தது. சங்கத்தில் எஞ்சினுக்குக் கடன் வாங்கினால், தவணை என்று மாதத் தேதி கிடையாது. அன்றன்று விற்ற மீனின் விலையில் ஒரு பகுதி கழியும். சேமிப்புக்கும் கொஞ்சம் பிடிப்பார்கள். பாடு இல்லாத நாளில் தவணையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கணக்கில் பாடு இல்லாத நாள்தான்.