பைக் டூர் முதல் நாள்: சாவி வாங்குறதுக்கு முன்னாடி எதுல கையெழுத்து போடுறீங்க?

ட்ராவல் பட்ஜெட் வீடியோவில் என் தாய்லாந்து பைக் டூர் பத்தி ஒரு நிமிஷம்தான் பேசினேன். அதுல சொல்லாம விட்டது முதல் நாள் காலை. அந்த அரை மணி நேரத்துலதான் டூரோட பெரிய பண ரிஸ்க்கே இருக்கு.

சியாங் மாயில் கிளம்பி பாய், மே ஹாங் சோன் வழியா சுத்தி வர்ற சுமார் 600 கிலோமீட்டர் ரூட். நாங்க எட்டு பேர், ஒரு கைடு, லக்கேஜுக்கு ஒரு வேன். பேக்கேஜ் பணம் முழுக்க இந்தியாவுலயே ஒரு டூர் ஆபரேட்டர்கிட்ட கட்டியாச்சு. இனிமே சாப்பாட்டுச் செலவுதான்னு நினைச்சுப் போனோம். காலை எட்டு மணிக்கு கைடு ஆளுக்கு மூணு பேப்பர் நீட்டினார். வெளியே பைக் வரிசையா நிக்குது, எல்லார் கண்ணும் அங்கே. தொழில் புத்தி, நான் மட்டும் உட்கார்ந்து படிச்சேன்.

ரெண்டாவது பேப்பர்ல இருந்தது இதுதான்: பைக்குக்குச் சேதம் ஆனா முதல் 40,000 பாட் வரைக்கும் ஓட்டுறவர் பொறுப்பு. ஒரு பாட் ரூ.2.70னு வெச்சுக்கிட்டா ரூ.1,08,000! பேக்கேஜ் விளம்பரத்துல 'இன்ஷூரன்ஸ் உட்பட'னு போட்டிருந்தாங்களேன்னு கேட்டேன். அது பொய் இல்லைங்க. தாய்லாந்தில் வண்டிக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனா அது விபத்துல காயப்படுற ஆளுங்களுக்கு, பைக் ரிப்பேருக்கு இல்ல. பைக்குக்குத் தனியா எடுத்த பாலிசியிலும் முதல் 40,000 நம்ம தலையில.

இந்தத் தொகையை அவங்க கார்டில் பிளாக் பண்ணுவாங்க. செலவு இல்லதான், ஆனா ரெண்டு லட்சம் லிமிட் இருக்கிற கிரெடிட் கார்டில் திடீர்னு 92,000தான் மிச்சம். டெபிட் கார்டு கொடுத்தா உங்க சம்பளப் பணமே முடங்கிடும், பிளாக் எடுத்தப்புறமும் திரும்பி வர நாளாகும். அதனால ரெண்டாவதா ஒரு கார்டு கையில இருக்கட்டும். மெஷின்ல ரூபாயா, பாட்டான்னு கேட்டா பாட் அழுத்துங்க. ரூபாய் அழுத்தினா அவங்க வெச்சதுதான் ரேட். டெபாசிட்டுக்குப் பதிலா ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கேட்டா மட்டும் கொடுக்காதீங்க.

அடுத்து லைசென்ஸ். எங்க குரூப்ல ஒரு தம்பி, ஐ.டி. வேலை, காலேஜ்ல இருந்தே பைக் ஓட்டுறவர். அவரோட இன்டர்நேஷனல் பெர்மிட்டைத் திருப்பிப் பார்த்த கைடு, காருக்கு மட்டும்தான் முத்திரை இருக்கு, பைக்குக்கான 'ஏ' பிரிவுல இல்லைன்னு சொல்லிட்டார். ஊர்ல வாங்கின லைசென்ஸே கார் மட்டும்தானாம்! முழுப் பணம் கட்டிட்டு அன்னிக்கு முழுக்க வேன்ல வந்தார். செம கோபம். ஆனா கைடு செஞ்சது சரி. செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லாம பைக் ஓட்டி அடிபட்டா ட்ராவல் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நிராகரிக்கப்பட வாய்ப்பு ரொம்ப அதிகம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னாடி பைக் ரிப்பேர் எல்லாம் ஜுஜுபி.

பெர்மிட் எடுக்க ஆயிரம் ரூபாய்தான், அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். ஆனா லைசென்ஸ்ல பைக் சேர்க்கணும்னா எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே லைசென்ஸை எடுத்துப் பாருங்க. அப்படியே பாலிசி வாசகத்தையும். டூ வீலர் ஓட்டுறது கவர் ஆகுதா, இத்தனை சிசி வரைக்கும்தான்னு வரம்பு இருக்கா, இதை சாகச விளையாட்டுன்னு ஒதுக்கியிருக்காங்களான்னு தேடுங்க. ஏஜென்ட் 'எல்லாம் கவர் ஆகும் சார்'னா, மெயில்ல எழுதிக் கேளுங்க.

ஒரு வழியா பத்து மணிக்குக் கிளம்பினோம். பாய் போற ரோட்டுக்கு 762 வளைவுன்னு பேர். அத்தனையிலயும் விழாம வந்தவன், காபி கடை வாசல்ல ஜல்லியில காலை ஊன்றி, நின்ன வண்டியோட சாய்ஞ்சேன். கண்ணாடி, க்ளட்ச் லீவர் ரெண்டும் போச்சு. டெபாசிட்ல 4,600 பாட் கழிச்சாங்க, நம்ம காசுக்கு 12,420 ரூபாய். சைலன்சர் கீறலையும் சேர்த்து எழுதப் பார்த்தாங்க. காலையில பைக்கைச் சுத்தி எடுத்த ஒரு நிமிஷ வீடியோவைக் காட்டினதும் அதை விட்டுட்டாங்க.

இன்னொரு விஷயம். இந்தியாவில் பேக்கேஜ் வாங்கினப்போ பில்லுல டி.சி.எஸ். பிடிச்சிருப்பாங்க. ரேட் அடிக்கடி மாறுது, அதனால பில்லையே பாருங்க. அது செலவு இல்ல, உங்க பான் நம்பர்ல கட்டின வரி. ஆபீஸ்ல விவரம் கொடுத்தா சம்பள டி.டி.எஸ்.ஸில் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், இல்லைன்னா ரிட்டர்ன்ல க்ளெய்ம் பண்ணலாம். எங்க எட்டு பேரில் மூணு பேர் இதைக் கண்டுக்கவே இல்ல. ரெண்டு பேருக்கு ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துட்டேன். மூணாவது ஆள் இன்னும் அந்தப் பில்லைத் தேடிக்கிட்டிருக்கார்.