நடக்கும் உடல் – 9: மணிக்கு 17 முறை விழலாம்

சென்ற வாரம் பாதத்தின் 26 எலும்புகளைப் பார்த்தோம். அவை நடக்கப் பழகும் கதைக்கு இப்போது வருவோம்.

பிறந்த குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பாதம் தரையில் படும்படி பிடித்தால் கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். இரண்டு மாதம் போனால் வைக்காது. மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயல் அடங்கிவிடுகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் 1980களில், கால் எடுத்து வைப்பதை விட்டுவிட்ட குழந்தைகளைத் தண்ணீருக்குள் பிடித்துப் பார்த்தார். கால்கள் மறுபடி நடந்தன! மூளை எதையும் மறக்கவில்லை. கொழுகொழுவென்று ஆகிவிட்ட காலைத் தூக்கத் தசைக்குத் தெம்பு போதவில்லை, அவ்வளவுதான்.

பிடிமானம் இல்லாமல் நடக்கும் வயது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் பார்த்தபோது, எட்டு மாதத்தில் நடந்த பிள்ளையும் உண்டு, பதினேழு மாதம் தாண்டி நடந்த பிள்ளையும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். (மர நடைவண்டியைத் தள்ளிப் பழகட்டும். உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.)

புதிதாக நடக்கும் பிள்ளை காலை அகட்டி, கைகளை மேலே தூக்கி, பாதத்தைத் தட்டையாகப் பதிக்கும். நியூயார்க்கில் உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதப் பிள்ளைகளைக் கவனித்து 2012இல் வெளியிட்ட கணக்கு: சராசரியாக மணிக்கு 2,368 காலடி, 17 விழுதல். இரண்டு வயதுவாக்கில் குதிகால் முதலில் படியத் தொடங்கும். ஏழு வயதில் ஏறக்குறைய நம் நடைதான்.

நம் நடையில் இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. மீதி நேரமெல்லாம் ஒற்றைக்கால்தான். முதுமையில் இரண்டு காலும் ஊன்றும் நேரம் கூடுகிறது, காலடியின் நீளம் குறுகுகிறது. கெண்டைக்கால் தசை உந்துவது குறைய, அந்த வேலையை இடுப்புத் தசைகள் ஏற்கின்றன. கவனமும் செலவாகிறது. ஸ்வீடனில் முதியோர் 58 பேரை நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்ல நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள்.

முதுமையை இரண்டாவது குழந்தைப் பருவம் என்பதை நடை விஷயத்தில் நான் ஏற்கமாட்டேன். பிள்ளை விழுந்து விழுந்து கற்கிறது. தாத்தா ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். பயந்து உட்காரவைத்தால் கால் இன்னும் வலுவிழக்கும். பாஸ்டனில் 1990இல் சராசரி 90 வயதினருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடைத் தசையின் வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

வீட்டுப் பெரியவரை நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அருகிலேயே இருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.